பரமார்த்தலிங்கம் தேய்ச்ச நெத்தி

பரமார்த்தலிங்கம் எங்க ஊர் பஸ் ஸ்டாப்புக்கு மேல நிக்க ஆரம்பிச்சது ஆனி மாசம் காத்து முத்தின நேரம். அன்னைக்கு ஞாயித்துக்கெழமை, நான் சர்ச்சுக்குப் போயிட்டு வந்து தையக்கடையத் தொறந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிட்டு இருந்தேன், சட்டுனு வெளிச்சம் கொறைஞ்சு துணி மேல ஒரு நெழல் விழுந்துச்சு, எந்தப் பய மறைக்கான்னு மாடி ஜன்னல்ல தலைய நீட்டினா, அந்தா, புளியமரத்து உச்சிக்குச் சமமா, ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கி, ஒரு பொம்மை விமானத்தோட வயித்தப் பிடிச்சிக்கிட்டு, கால்ல ஒத்தச் செருப்போட அவரு மெதந்து வாராரு. "என்ன லிங்கண்ணே, எங்க கெளம்பியாச்சு?"ன்னு கேட்டேன். "எங்கயும் இல்ல புஷ்பம், மச்சினன் தாணு விடச் சொல்லல, அதான்"ன்னாரு.

எங்க ஊரப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிருதேன், இல்லன்னா அந்த மனுசன் ஏன் கைய விடலன்னு நீங்களும் பஸ்ல வந்தவங்க மாதிரி கேப்பிய. கணவாய்க்கு வாசல்ல இருக்க ஊரு இது. ஆனி ஆடியில மலைச் சந்துக்குள்ள இருந்து வார காத்துக்குக் கொடியில போட்ட சேலை அடுத்த தெருவுல போய்த்தான் காயும், சோத்துல பாதி மண்ணு, பேசினா வாயில பாதி மண்ணு, ஊரச் சுத்தி எங்க பாத்தாலும் கரண்டு எடுக்குற காத்தாடி, ஒவ்வொண்ணுக்கும் மூணு றெக்கை, அந்த றெக்கையில காத்து முதல்ல வந்து முட்டுற முன் ஓரத்த மண்ணும் மழையும் அரிச்சு அரிச்சுத் தின்னுரும், தின்ன எடத்துல பட்டிங்கிற பூச்சுக் கலவையப் பூசி, உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு, பழைய வளைவுக்குக் கொண்டு வாரதுதான் இங்க பாதி ஆம்பளைங்களுக்குப் பொழப்பு. அந்த ஓரத்துக்கு அவங்க வச்ச பேரு நெத்தி. கயித்துல தொங்கிட்டுச் செய்யுற வேலை, கீழ ஆளு நிப்பான், அதனால மேல இருக்கவன் கையில இருக்கது எதுவா இருந்தாலும் கீழ இருக்கவன் 'விடு'ன்னு சொல்லாம விடக் கூடாது. அது எலும்புல ஊறிப்போன பழக்கம். வீட்டுல பொண்டாட்டி காப்பி டம்ளர வாங்க வந்தாக்கூட, 'விடுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் விடுவாவ.

இவங்களுக்குள்ள வருசத்துக்கு ஒருக்கா காஞ்ச குளத்துல ஒரு போட்டி உண்டு. மோட்டார் கிடையாது, ரிமோட்டு கிடையாது. கல்யாண முருங்கைக் கட்டையச் செதுக்கி, ரெண்டு கை விரிச்ச நீளத்துல விமானம் செஞ்சு, கையால எறிஞ்சு, எவன் விமானம் ரொம்ப நேரம் மேல நிக்குதுன்னு பாப்பாவ. போன வருசம் லிங்கம் தன் றெக்கைக்கு நெத்திய அருவா மாதிரி கூராத் தேய்ச்சிருந்தாரு. பாக்க என்ன அழகு! சர்ருனு போச்சு, காத்து லேசாத் தலையத் தூக்கிவிட்டுச்சு, அவ்வளவுதான், சொல்லாமக் கொள்ளாம விழுந்து தூள் தூளாப் போச்சு. அவரு பொண்டாட்டி ஈஸ்வரவடிவுக்கு ஒரு தம்பி, தாணுமூர்த்தின்னு பேரு, அவரு கூட வேலை பாக்கவன். அவன்தான் போட்டிக்கு நடுவர், அவன் 'விடு'ன்னாத்தான் விமானத்த எறியணும். "அத்தான், நெத்தி உருண்டையா இருந்தா காத்து அதத் தடவிக்கிட்டு வளைஞ்சு போவும், தலை எவ்வளவு நிமிந்தாலும் றெக்கைய விடாது. கூரா இருந்தா முட்டின ஒடனே கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சிரும். இது தெரியாமயா இத்தன வருசம் பட்டி பூசுனிய?"ன்னான். குளமே சிரிச்சுச்சு.

அந்த ரோசத்துல வருசம் பூரா தேய்ச்சாரு. சாப்பிடும்போது எடது கையில தேய்ப்பாரு, டிவி பாக்கும்போது தேய்ப்பாரு, வடிவு பேசிட்டு இருப்பா, ம், ம்னு சொல்லிக்கிட்டே தேய்ப்பாரு. கடைசியில அந்த நெத்தி தூங்குற பிள்ளையோட கணுக்கால் மாதிரி அப்படி ஒரு உருட்சிக்கு வந்துச்சு. போட்டியன்னைக்கு அதத் தூக்கிக்கிட்டு ஓடினாரு, காத்து அடிச்சுச்சு, விமானம் கெளம்புச்சு, அவரும் கூடவே கெளம்பிட்டாரு. தாணு வாயப் பொளந்தவன் பொளந்தபடி நின்னுட்டான். 'விடு'ன்னு சொல்ல ஞாபகம் வந்தப்போ அவரு பனை ஒசரத்துல இருந்தாரு, அந்த ஒசரத்துல இருக்க அக்கா புருசனப் பாத்து விடுன்னு சொல்ல எவனுக்கு நாக்கு வரும்?

குளத்துல இருந்து மெதந்து வந்து பஸ் ஸ்டாப்புக்கு மேல நின்னவர எறக்கப் பாக்காம இல்ல. பாத்தோம். கயிறு எறிஞ்சாவ, அவரு பிடிச்சு றெக்கைக்குக் கீழ கட்டினாரு, பத்துப் பேரு சேந்து இழுத்தாவ. இழுக்க இழுக்க விமானம் தலைய நிமித்திக்கிட்டு பட்டம் மாதிரி இன்னும் மேலதான் போச்சு, ஏன்னா அந்த நெத்தி எவ்வளவு நிமிந்தாலும் காத்த விடமாட்டேன்னு நின்னுச்சு. கயித்து வழியா எறங்கிப் பாத்தாரு. அவரு ஒரு முழம் எறங்கினா விமானம் ஒரு முழம் ஏறுச்சு, அவரு நின்ன ஒசரம் மாறல. தீயணைப்பு வண்டி வந்து வலையப் பிடிச்சு நின்னு, "குதிங்க சார்"னாவ. கண்ண மூடினாரு, சாமியக் கும்பிட்டாரு, கடைசியில, "நீங்க விடச் சொல்லுதிய, கை விடமாட்டேங்குது"ன்னு அழுதாரு. ஏதோ காலேஜ்ல இருந்து நாலு பேரு வந்து அளந்தாவ, இவ்வளவு சின்ன றெக்கை இவ்வளவு பெரிய ஆளத் தாங்காதுன்னு கணக்குப் போட்டுக் காமிச்சாவ, எல்லாரும் தலைய ஆட்டினோம், டீயக் குடிச்சிட்டுப் போயிட்டாவ.

பொறகு என்ன, பழகிருச்சு. எதுக்குத்தான் மனுசன் பழக மாட்டான்? கயித்தால இடுப்ப விமானத்தோட கட்டிக்கிட்டாரு, அதனால ஒரு கையாவது மாறி மாறி ஓஞ்சுச்சு. மிச்சக் கயித்துல வடிவு மூணு வேளையும் தூக்குவாளி கட்டிவிடுவா, அவரு இழுத்துச் சாப்பிட்டுட்டு எறக்கிவிடுவாரு. ரேஷன் கடையில ஆளு வந்து வெரல் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாவ, அந்த மிசினையே கயித்துல கட்டி மேல அனுப்பினோம். அவரு வேலை பாத்த கம்பெனியில இருந்து மேனேஜர் வந்து, இது ஒசரத்துல செய்யுற வேலைக்குக் கீழ வருமா, லீவுக்குக் கீழ வருமான்னு அண்ணாந்து பாத்தே கழுத்து சுளுக்கிப் போனாரு. கோயில் சப்பரம் அந்த வழியா வரும்போது கும்பம் அவரு காலுல இடிக்கும்னு வேற தெருவுக்குத் திருப்பினாவ, இனிமே அதுதான் வழக்கம்ங்காவ இப்ப. கண்டக்டருங்க 'லிங்கம் ஸ்டாப் எறங்கு'ன்னு கூவ ஆரம்பிச்சாவ. "மாமா, பஸ் வருதா?"ன்னு காலேஜ் பிள்ளைங்க கீழ இருந்து கேக்கும், "திருப்பத்துல வருது, ஓடு"ன்னு இவரு சொல்லுவாரு, மழை எப்ப வரும், எவன் தோட்டத்துல ஆடு மேயுது, எல்லாம் அவருகிட்டதான் கேப்போம். அவரு எறங்கணும்னு யாரும் பேசாம ஆனது எப்பன்னு எனக்கே தெரியல. ஈஸ்வரவடிவு மட்டும் தெனமும் தூக்குவாளிக்குள்ள சோத்து மேல ஒரு துண்டு உப்புத்தாள மடிச்சு வச்சு அனுப்புவா. உருண்டை நெத்திதானே எறங்கவிட மாட்டேங்குது, அதக் கொஞ்சம் கொஞ்சமாக் கூராக்கினா எறங்கும்ல, அதான் அவ கணக்கு.

"தேய்ச்சியளா?"ன்னு கேப்பா.

"தேய்க்கேன், தேய்க்கேன்"ம்பாரு.

தேய்க்கல. எனக்குத் தெரியும், என் ஜன்னலுக்கு நேராத்தானே நிக்காரு. தாள நெத்தியில வைப்பாரு, கீழ ரோட்டப் பாப்பாரு, எடுத்துருவாரு. கூராகும்போது எந்தத் தேய்ப்புல பொத்துனு விழும்னு எவனால சொல்ல முடியும்? போன வருச விமானத்தப் பொறுக்கினது அவரு கையாலதானே.

அப்புறம் ஆடிக் கடைசியில மண்காத்து வந்துச்சு. எங்க ஊர்க் காத்து காத்தாடி றெக்கைய விடுமா, இத மட்டும் விட? அவரு தேய்க்காத நெத்திய அது தேய்க்க ஆரம்பிச்சுச்சு, அதுவும் ஒழுங்காத் தேய்ச்சாப் பரவாயில்ல, எடது பக்கம் ஒரு கடி, வலது பக்கம் ரெண்டு கடின்னு குதறி வச்சுச்சு. ஒரு நாள் மத்தியானம் வலது றெக்கை திடீர்னு சாஞ்சு, மனுசன் ஒரு சுத்து சுத்தி, புளியங்கொப்பு வரைக்கும் விழுந்து, காலு கெளையில உரசி, மறுபடியும் எப்படியோ காத்து கூடி மேல போனாரு. பஸ் ஸ்டாப்பே அலறிருச்சு. "வடிவு! பட்டி அனுப்பு, பட்டி அனுப்பு!"ன்னு கத்தினாரு. தாணு காத்தாடி மேல வேலையில இருந்தான். அவ ஓடிப்போய் வீட்டுல இருந்த ரெண்டு டப்பாவத் தொறந்து, புருசன் கொழைக்கத பாத்த ஞாபகத்துல அதையும் இதையும் கலந்து, வாளியில வச்சு அனுப்பினா. பூசினாரு. நின்னுட்டாரு.

அன்னைக்குப் பிடிச்ச சனியன் அது. காத்து தெனமும் அரிக்கும், தெனமும் பூசணும். எங்க ஊர்ல பட்டி கொழைக்கத் தெரியாத ஆம்பள உண்டா? ஆனா தாணு கொழைச்சத அனுப்பினா சாயங்காலத்துக்குள்ள செதில் செதிலா உதிந்துச்சு, கம்பெனியில இருந்து வந்த ஆளு கொழைச்சது ஒட்டவே இல்ல, நான் கொழைச்சத அவரு மோந்து பாத்துட்டே திருப்பி அனுப்பிட்டாரு; வடிவு கொழைச்சது மட்டும்தான் அந்த நெத்தியில நின்னுச்சு. ஏன்னு என்னைக் கேக்காதிய. அதுவும் கலந்து வச்சா ஒரு காப்பி குடிக்கிற நேரத்துல கல்லாயிரும், மொத்தமாக் கொழைச்சு வச்சிட்டு எங்கயும் போவ முடியாது. எறங்கட்டும் எறங்கட்டும்னு உப்புத்தாள் அனுப்பின பொம்பள, விழுந்துரக் கூடாதேன்னு தெனமும் காலையில தோசை ஊத்துறதுக்கு முன்னால பட்டி கொழைச்சா. அவ கையால அனுப்பினதுதான் அவர எறங்கவிடாம வச்சிருந்துச்சு. "என்ன எழவு பொழப்புக்கா இது"ன்னு என் கடைப்படியில ஒக்காந்து ஒரு தடவ சொன்னா.

புரட்டாசியில காத்து நின்னுச்சு. ஒரு எல அசையல. இன்னைக்கு எறங்கிருவாருன்னு ஊரே அண்ணாந்து பாத்துச்சு, அவரும் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல, காத்தில்லாமயே நின்னாரு. மறுநாள் யாரும் அண்ணாந்து பாக்கல. பொறகு ஐப்பசி மழை வந்து நெத்திய அரிச்சுச்சு, பட்டி தொடந்துச்சு.

அந்த மழைக்காலத்துலதான் வடிவுக்கு ஒடம்பு கெட்டுச்சு. தீட்டு நிக்காமப் போய்க்கிட்டே இருந்துச்சு, மொகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. நான்தான் நாரோயிலு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், காலையில பட்டிய அனுப்பிட்டு ஓடி, மறுநாள் பட்டிக்குள்ள திரும்பி வந்தோம். கர்ப்பப்பையில கட்டி, ஒடனே எடுக்கணும், ஆப்பரேஷன் முடிஞ்சு ஒரு வாரமாவது படுக்கணும்னாவ டாக்டரம்மா. "ஒரு வாரமா?"ன்னா வடிவு, அவ்வளவுதான், சேலையச் சரி பண்ணிட்டு எந்திரிச்சிட்டா. தாணு காலுல விழாத கொறையாக் கெஞ்சினான். "நான் படுத்துக்கிட்டா பட்டி நம்ம அப்பனா கொழைப்பான்?"னு கேட்டா. அவருகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினா.

நான் சத்தியத்தக் காப்பாத்தினேன், என் வாய்க்கு அது பெரிய காரியம். ஆனா ஒரு நாள் தூக்குவாளியக் கட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே பஸ் ஸ்டாப் தூணப் பிடிச்சிக்கிட்டுச் சரிஞ்சுட்டா. மேல இருந்து, "புஷ்பம், அவளுக்கு என்ன? மறைக்காம சொல்லு"ன்னு கேட்டாரு. என் ஜன்னலுக்கு நேருக்கு நேர் நிக்கிற மனுசங்கிட்ட எத மறைக்கது? சொல்லிட்டேன். ரெண்டு பஸ் வந்துச்சு, போச்சு, வருதுன்னு அவரு யாருக்கும் சொல்லல. பொறகு, "உப்புத்தாள் அனுப்பு"ன்னாரு.

அதுக்குள்ள அவளத் தண்ணி தெளிச்சு எழுப்பியிருந்தாவ, அவ அதக் கேட்டுட்டா. "ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இப்பத் தேய்ச்சா எங்க போய் விழுவிய? கல்லு ரோடு!"

"விழுந்தா விழுதேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"நீங்க விழுந்து செத்த பொறகு எனக்கு ஆஸ்பத்திரி ஒரு கேடா?"

"நீ எனக்குப் பட்டி கொழைச்சே சாவப் போற, அத நான் மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கணுமா? வேற என்ன வேல எனக்கு இங்க, பாக்கதத் தவிர?"

பஸ்ல இருந்தவங்க எல்லாம் எறங்கி நின்னு கேட்டாவ. புருசன் பொண்டாட்டி சண்டைய வீட்டுக்குள்ள போடலாம்ல, அவங்களுக்கு அதுக்கும் வழி இல்ல. கடைசியில அவ அழுதா. தூக்குவாளியில உப்புத்தாள வச்சு அவளே கட்டினா.

ஊருக்கு அப்பத்தான் சொரணை வந்துச்சு. வீட்டுக்கு ஒரு சேலை வாங்கி, ரெண்டு மடிப்பா, நாலு மடிப்பா அடிச்சு ரோட்டு அகலத்துக்கு ஒரு விரிப்புத் தைச்சேன். மிசின் ஊசி முறிஞ்சு முறிஞ்சு விழுந்துச்சு, பெரிய வீட்டுக்காரி கிழிஞ்ச சேலையக் குடுத்து அனுப்பினத இன்னும் நான் மறக்கல. மேல அவரு தேய்ச்சாரு. இப்ப கீழ ரோட்டப் பாக்கல. எடது பக்கம் பத்து இழுப்புன்னா வலது பக்கமும் பத்து, வெரலால தடவிப் பாத்து, ரெண்டும் ஒண்ணா மெலியுதான்னு பாத்து, மறுபடியும். தூள் என் ஜன்னல் கட்டையில மாவு மாதிரி படிஞ்சுச்சு. தாணு கீழ நின்னு சொன்னான்: "மெலிய மெலியப் பைய எறங்கும் அத்தான், ஓட்டு வீட்டு ஒசரத்துக்கு வந்ததும் நாங்க பிடிச்சிருவோம்." ஆனா அது எறங்கல. நெத்தி கட்டைவெரல்ல இருந்து சுண்டுவெரலாச்சு, சுண்டுவெரல்ல இருந்து பென்சிலாச்சு, அவரு அதே ஒசரத்துலதான் நின்னாரு. கடைசியா, சிக்கிக்கிடக் கூடாதுன்னு இடுப்புக் கயித்த அவுத்துட்டு, ஒரு கையால பிடிச்சிக்கிட்டு மறு கையால தேய்ச்சாரு. ஊரே விரிப்பப் பிடிச்சு நின்னுச்சு, போலீஸ்காரரு, பூசாரி, கண்டக்டர், எல்லாரும்; பஸ் ஸ்டாப் பக்கத்து முனைய வடிவு பிடிச்சிருந்தா, உக்காருன்னு சொல்லியும் கேக்கல.

விமானம் தலைய லேசா நிமித்துச்சு. காத்து விட்டுப் பிரிஞ்சுச்சு. எந்த எச்சரிக்கையும் இல்லாம, அவரு கையில இருந்து நழுவி, நேரா வந்து விரிப்பு நடுவுல விழுந்துச்சு, ஒரு கீறல் இல்லாம.

அவரு விழல.

விட்ட எடத்துலயே, விட்ட ஒசரத்துலயே, ஒரு கைய மேல தூக்கினபடி, மறு கையில உப்புத்தாளோட நின்னாரு. தலைக்கு மேல ஒண்ணும் இல்ல. அண்ணாந்து தன் வெறுங்கையப் பாத்தாரு. பைய அதக் கீழ எறக்கினாரு. அப்பயும் நின்னாரு. "குதிச்சுப் பாருங்க அத்தான்"னான் தாணு. அவரு ஆகாயத்துலயே ஒரு குதி குதிச்சாரு, கால ஒதறினாரு, கவுந்து படுத்துக் கையால கீழ நீந்திப் பாத்தாரு, பாவம். ஒரு வெரக்கடை எறங்கல. எறங்காம இருந்தது எதுனாலன்னு இத்தன மாசம் நாங்க நெனச்சமோ அது எங்க காலடியில கெடந்துச்சு. இனி தேய்க்க என்ன இருக்கு? பூச என்ன இருக்கு?

விரிப்பப் பிடிச்சவங்க பிடிச்சபடி நின்னோம். விடவும் மனசு வரல, பிடிச்சு என்ன பிரயோசனம்னும் தெரியல. வெயில் ஏறுச்சு. கை கடுத்துச்சு. ஒருத்தன் மூக்கச் சொறியணும்னு விட்டான், ஒருத்திக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்து வார நேரம், டிரைவருக்கு டயம் ஆச்சு. யாரு முதல்ல விட்டாங்கன்னு இன்னைக்கும் டீக்கடையில சண்டை நடக்கு.

வடிவு விரிப்பு முனைய விடாமலே இழுத்து, நடுவுல கெடந்த விமானத்த எடுத்தா. நெத்திய ஒரு கடைசியில இருந்து மறு கடைசி வரைக்கும் வெரலால தடவினா. "நல்லாத்தான் தேய்ச்சிருக்கிய, ரெண்டு பக்கமும் ஒண்ணு போல இருக்கு"ன்னா. "இப்ப எதப் பிடிச்சு நிக்கிய?"ன்னு கேட்டா.

"தெரியலையே, வடிவு"ன்னாரு. சின்னப் பிள்ளை மாதிரி சொன்னாரு.

அவ விமானத்தக் கீழ வச்சா. "அப்ப நாளைக்குப் பட்டி வேண்டாம்"னா.

"வேண்டாம்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரட்டா?"

"போயிட்டு வா. நான் எங்க போயிரப் போறேன்."

தாணு ஆட்டோவக் கூட்டிட்டு வந்தான். அவ தன் கையில இருந்த விரிப்பு முனையக் கீழ போடல. பஸ் ஸ்டாப் தூணுல சுத்தி, நல்லா ரெண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பாத்துட்டு, ஆட்டோவுல ஏறினா.